தெற்கே இல்லை

தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத ஒரே ஒரு மனிதரைத்தான் நான் கல்முனையில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். மழை எப்போது வரும், சாளை எப்போது கரைக்கு ஏறும், கொழும்பில் எந்த மந்திரிக்கும் எந்த மந்திரிக்கும் ஆகாது, அத்தனையும் தேத்தண்ணிக் கடை வாங்கில் குந்தியிருப்பவருக்கு அத்துப்படி. இவர் மட்டும் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் "தெரியா" என்பார். கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்க மாட்டார். ஊர் இவருக்குத் 'தெரியாக் காக்கா' என்று பட்டம் கட்டிவிட்டது. காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்காமல் திரும்பியும் பார்ப்பார்.

அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் பெயரையும் எழுதவில்லை. ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

அவருக்குக் கடலை அளக்கிற உத்தியோகம். கல்முனையை அடுத்த சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் அரசாங்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு கடையறைதான் அவருடைய கந்தோர். ஒரு மேசை, ஒரு கதிரை, சாமான் வைக்க ஒரு இறாக்கை, சுவரில் ஒரு பெரிய கடல் வரைபடம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் வாளியோடு கடலில் இறங்குவார். ஒரு வாளி தண்ணீர் கோலி, அதற்குள் சூடுமானியை விட்டு, குனிந்து பார்த்து, கொப்பியில் எழுதுவார். காய்ச்சலோ மழையோ பெருநாளோ, வாளி இறங்காத நாள் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிற அவசரத்திலும் அது முதலில் நடக்கும்.

அதன் பிறகு மீன். தோணிகள் வந்து ஏலம் போகும் இடத்தில் ஒரு அளவுப் பலகையோடு போய் நிற்பார். ஒவ்வொரு மீனாக எடுத்துப் பலகையில் கிடத்தி, தலையிலிருந்து வால்வரை அளந்து, எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். வெயில் ஏறிக்கொண்டிருக்கும். யாவாரிகளுக்குப் பொறுமை போய்விடும். ஒருநாள் நான் அங்கே கறிக்கு மீன் வாங்க நின்றபோது ஒரு யாவாரி கத்தினார்.

"காக்கா, மீன் நாறப் போகுது. இன்னும் எத்தின?"

"அம்பது அளக்கணும். நாப்பத்தி மூணு முடிஞ்சிரிச்சி."

"மிச்சம் ஏழுக்கும் அதே நீளத்தப் போட்டு உடுங்களன். எல்லாம் ஒரு தாய்ப் புள்ளதானே."

"தெரியாமப் போட ஏலா," என்று சொல்லிவிட்டு நாற்பத்து நான்காவது மீனை எடுத்தார். யாவாரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் அவர் ஒரு வேடிக்கைப் பொருள்தான்.

நான் அப்போது கல்முனைத் தபால் கந்தோரில் எழுதுவினைஞன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. கொழும்புக்கு அவர் அனுப்புகிற கடிதங்களை இங்கிலீசில் எழுதிக் கொடுப்பது நான்தான். அவருக்குத் தமிழில் சொல்லத் தெரியும், இங்கிலீசு பேசினால் விளங்கும், எழுத வராது. மாதத்தில் ஒரு தடவை கந்தோர் சாத்துகிற நேரம் பார்த்து நொண்டி நொண்டி வருவார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருக்கும். கதிரையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சொல்லத் தொடங்குவார்.

அந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரே கடிதம்தான். அந்தக் காலத்தில் இலங்கை முழுவதற்கும் கடலை ஆராய ஒரே ஒரு கப்பல் இருந்தது. வேறொரு தேசம் அன்பளிப்பாகத் தந்தது. மெசினில் ஒரு ஆணி தேய்ந்தாலும் புது ஆணி அந்தத் தேசத்திலிருந்து கப்பலேறி வரவேண்டும். வரும்வரை இது கொழும்புத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். அந்தக் கப்பலில் இவர் பல காலம் கலாசியாக இருந்தவர். அதனால் அதற்கு என்னென்ன இல்லை என்று இவருக்கு விரல்நுனியில் இருந்தது. கிழக்குக் கரைக்கென்று ஒரு சின்னக் கப்பலாவது வேண்டும். பழுது பார்க்க இந்தப் பக்கம் ஒரு இடம் வேண்டும். கரையோடு பேச ஒரு வானொலிக் கருவி வேண்டும். ஆழத்துக்குச் சாமான் இறக்குகிற இரும்புக் கம்பி புதிதாக வேண்டும். கடலில் இறங்கினால் வாந்தியெடுக்காத பிள்ளைகளை இந்தக் கரைகளிலிருந்தே எடுத்துப் படிப்பிக்க வேண்டும். தனக்கு ஒரு கதிரை கூடுதலாக வேண்டும் என்றுகூட அவர் ஒரு தடவையாவது கேட்டதில்லை.

"கப்பல் இரிக்கி எண்டு பேப்பரில போடுறாங்க தம்பி. ஓடுற நாள மட்டும் எண்ணிப் பாருங்க. மத்த நாளெல்லாம் அது கப்பல் இல்ல, கட்டிடம்," என்பார்.

பதில் வரும். வராமல் இருக்காது. தங்கள் கடிதம் கவனத்துக்கு எடுக்கப்பட்டுள்ளது என்ற அந்த ஒரு வரியை நான் வாசித்துக் காட்டுவேன். அவர் கடதாசியை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப அடுத்ததை எழுதுவம்," என்பார். எனக்குத்தான் பத்திக்கொண்டு வரும்.

கால் எப்படி உடைந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் கேட்டதால் அல்ல. அன்றைக்குக் கடிதத்தில் புதுக் கம்பி பற்றிய வரி வந்ததும் தானாகவே சொன்னார்.

"அந்தக் கம்பி எத்தின வருசத்துக் கம்பி எண்டு ஒருத்தருக்கும் தெரியா. எனக்கும் தெரியா. கப்பல் பெரியவர் இறக்கு எண்டாரு, தாங்கும்தானே எண்டு நானும் இறக்கின. அறுந்து வந்து அடிச்சிச்சி. எனக்குப் பக்கத்தில நிண்ட சிங்களப் பொடியன் அந்த இடத்திலேயே மவுத்து." வளைந்த காலைத் தடவிக்கொண்டார். "தாங்கும்தானே எண்டு நினைச்சன் பாருங்க. அதுதான் என்ட பிழ."

அதற்குப் பிறகு அவருடைய 'தெரியா'வைக் கேட்டு நான் சிரித்தது குறைவு. அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்.

ஒரு வருடம், கச்சான் காற்றுக் காலத்தில், அந்தக் கப்பல் எங்கள் கடலுக்கு வந்தது. கச்சான் என்றால் மேற்கே மலைப்பக்கமிருந்து சுடச்சுட வந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. ஆனி, ஆடியில் அதன் ஆட்டம்தான். இவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோணியில் போய்க் கப்பலில் ஏறினார். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மெசினில் ஏதோ சத்தம் என்று திரும்பிப் போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு நாளில், கல்முனைக்கு நேரே கரையிலிருந்து ஆழ்கடல்வரை ஒரே கோட்டில் போய், இடத்துக்கு இடம் போத்தல்களைப் போட்டிருந்தார்கள். சோடாப் போத்தல் அளவுப் போத்தல். அடியில் கொஞ்சம் மணல், உள்ளே சுருட்டி வைத்த சிவப்புக் கார்ட், வாயில் தக்கை, தக்கைக்கு மேல் கறுப்புக் கீல். கார்ட்டில் ஒரு இலக்கம் இருக்கும். கண்டெடுத்தவர் கிட்டிய தபால் கந்தோரில் கொடுக்க வேண்டும் என்று இங்கிலீசில் எழுதியிருக்கும். எந்தப் போத்தல் எந்தக் கரையில் ஒதுங்கியது என்று தெரிந்தால், கச்சானில் கடல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

"கரைக்குக் கிட்ட வடக்க ஓடுது. அது நம்மட தோணி ஓட்டுற தண்டயல்மாருக்கே தெரியும். ஆழத்துக்குப் போனா?" என்றார். பதிலையும் அவரே சொன்னார். "அதத்தான் தெரியா. அதத் தெரிஞ்சா, நாளைக்கு ஒரு தோணி அள்ளுண்டு போனா எந்தப் பக்கம் தேடுற எண்டு சொல்லலாம்." அவர் முகம் மலர்ந்திருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினொரு போத்தல் திரும்பி வந்தன. எல்லாம் வடக்கேயிருந்து. மருதமுனை, பெரியகல்லாறு, களுவாஞ்சிகுடி. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இங்கிலீசு வாசிக்கிற வாத்திமார் இருந்தார்கள். கார்ட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கி அனுப்பி வைத்தார்கள். இவர் போத்தல்களைக் கழுவி இறாக்கையில் வரிசையாக வைத்தார். வரைபடத்தில் பதினொரு குண்டூசி குத்தினார். தெற்கே ஒன்றுமில்லை. கார்ட்டைத் தமிழிலும் அச்சடியுங்கள் என்று கொழும்புக்கு எழுதச் சொன்னார், எழுதினேன். தெற்கே போய்க் கரை கரையாக விசாரிக்க ஒரு கிழமை விடுமுறை கேட்டார். நீர் போனால் அங்கே வாளி இறக்குவது யார் என்று பதில் வந்தது. அங்கே அவரைத் தவிர வேறு ஆள் இல்லைதான்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும்.

கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். என் மனைவியின் ஊர் தெற்கே அக்கரைப்பற்று. கிழமை நாட்களில் சாய்ந்தமருதில் என் உம்மாவோடு இருப்பேன், சனிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி மனைவி வீட்டுக்குப் போவேன். கப்பல் வந்து போய் ஒரு மாதம் இருக்கும். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். நான் போய் இறங்கியபோது வளவில் ஒரு தென்னையடியில் பள்ளிவாசல் லெப்பை நின்று ஓதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெட்டிய குழி. குழிக்குள் மூன்று போத்தல்கள். கறுப்புக் கீல், உள்ளே சிவப்புக் கார்ட். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மேல் ஏறிய ஜின்னை ஓதி இறக்கினால், அதைப் போத்தலில் அடைத்து, வாயைக் கீலால் மூடி, கடலில் விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட போத்தல் திரும்பிக் கரைக்கு வந்தால் ஒருவரும் உடைக்க மாட்டார்கள். உடைத்தால் வெளியே வருவது உடைத்தவர் வீட்டில்தானே குடியேறும்? ஒன்று, ஓதி மறுபடி கடலில் விடுவார்கள். அல்லது ஓதிப் புதைப்பார்கள். இந்த மூன்றையும் கரையில் பொறுக்கிக்கொண்டு வந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. போத்தல் நல்ல போத்தலாக இருக்கிறது, எண்ணெய் ஊற்ற உதவும் என்று நினைத்திருக்கிறான். மாமி கண்டுவிட்டார்.

நான் குனிந்து கையை நீட்டினேன்.

"தொடாதீங்க மருமகன்! வீட்டில வாயும் வயிறுமா ஒருத்தி இரிக்காள்."

"இது கவுண்மேந்துப் போத்தல் மாமி. ஒண்டுமில்ல."

"ஏன், கவுண்மேந்துக்கு ஜின் இல்லியா?"

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். லெப்பை மண்ணைத் தள்ளினார். கலியாணமாகிப் பத்து மாதம். பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் ஜின் போத்தலைத் தோண்டு என்று நின்று சண்டை பிடிக்க என்னால் முடியவில்லை.

அடுத்த கிழமை தெரியாக் காக்கா என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க அக்கரைப்பத்துக்குப் போய் வாற. கரையில போத்தல் கிடந்ததா எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்," என்றார். ஓம் என்றேன். போனேன், வந்தேன், ஒருவரையும் கேட்கவில்லை. புதுமாப்பிள்ளை போத்தல் பொறுக்கித் திரிகிறார் என்று ஊர் சிரிக்கும். இருக்கிற மூன்றைச் சொன்னாலோ, இவர் அடுத்த பஸ்ஸில் மண்வெட்டியோடு மாமி வீட்டு வாசலில் நிற்பார். தபால் கந்தோர் முழுக்க என் மாமியாரின் ஜின்னைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். இவ்வளவுதான் என் கணக்கு.

"இல்ல காக்கா. தெற்க ஒண்டும் இல்ல."

"ஆரிட்டக் கேட்டீங்க?"

"கரையில எல்லாரிட்டயும் கேட்ட."

அவர் கொப்பியைத் திறந்தார். 'தெற்கே: இல்லை' என்று எழுதினார். கடைசி நிரலில், சொன்னவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதினார். நாற்பத்து மூன்று மீனைக் கொண்டு ஐம்பது என்று எழுத மறுத்த மனிதர், என் ஒரு சொல்லை நம்பி அதை எழுதினார். பிறகு எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தார். நானும் குடித்தேன்.

அடுத்த வருடக் கச்சானில் மச்சான் கல்முனைக்கு வந்து ஒரு தண்டயலின் தோணியில் தொழிலுக்குச் சேர்ந்தான். இரவு தங்குவது என் உம்மா வீட்டில். இருபது வயது. சாப்பாட்டை விட்டால் சிரிப்பு, சிரிப்பை விட்டால் சாப்பாடு. ஒருநாள் காலையில் நாலு பேராகப் போனார்கள். நடுப்பகல் லுஹர் நேரம் கச்சான் திடீரென்று மூண்டது. மற்றத் தோணிகள் பாயை இறக்கித் தண்டு வலித்துக் கரை சேர்ந்தன. இவர்களுடைய பாய்மரம் முறிந்ததையும் தோணி வெளியே வெளியே போய்க்கொண்டிருந்ததையும் பின்னால் வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பார்க்கத்தான் முடிந்தது.

கொழும்புக்குத் தந்தி போனது. அடித்தது நான். ஆராய்ச்சிக் கப்பல் வரலாமா என்று தெரியாக் காக்கா கேட்டிருந்தார். மெசின் சாமான் இன்னும் வந்து சேரவில்லை, கப்பல் கட்டிக் கிடக்கிறது என்று பதில். மூன்றாம் நாள் இன்னொரு தந்தி வந்தது. திருகோணமலையில் ஒரு விசைப்படகு இருக்கிறது, இரண்டு நாளைக்குத்தான் எண்ணெய், வடக்கே தேடுவதா தெற்கே தேடுவதா என்று உடனே அறிவிக்கவும்.

தந்தியை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்கு ஓடினேன். உள்ளே நிற்க இடமில்லை. தோணிக்குச் சொந்தக்காரத் தண்டயல், காணாமல் போனவர்களின் ஆட்கள், வாசற்படியில் முக்காட்டை இழுத்துப் போர்த்தபடி என் மாமி. காலை பஸ்ஸில் வந்திருந்தார்.

தண்டயல், "வடக்கதான். கச்சானில எப்பவும் வடக்க இழுக்கும்," என்றார்.

"கரைக்குக் கிட்ட," என்றார் இவர். "அவங்க தூரத்துக்குப் போயிட்டாங்க. அங்க எப்பிடியெண்டு எனக்குத் தெரியா."

மாமி வாசலிலிருந்தே கேட்டார். "நீங்க கடல அளக்கிறவராமே. எண்ட புள்ள எந்தப் பக்கம் போயிரிக்கான்?"

"தெரியா தங்கச்சி."

"தெரியா எண்டு சொல்லவா கவுண்மேந்து உங்களுக்குச் சம்பளம் தருது? இரிக்கிறது ஒரு படகு. அதுக்கு ஒரு பக்கம் சொல்லுங்க வாப்பா. அல்லாவுக்காக ஒரு பக்கம் சொல்லுங்க."

மாமி அழுதுகொண்டு கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அழவில்லை. இவர் இறாக்கையைப் பார்த்தார். பதினொரு போத்தல்கள். கொப்பியை எடுத்துப் போன வருடப் பக்கத்தைத் திருப்பினார். விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீங்க நல்லாக் கேட்டீங்கதானே?"

என்ன கேட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அதனால் இரண்டு முழத் தூரத்தில் நின்ற மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இல்லை காக்கா, நான் கேட்கவில்லை, மூன்று போத்தல் இவர்களுடைய வளவில் கிடக்கிறது என்று சொல்ல எத்தனை நேரம் எடுக்கும்? அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நிமிடம் எனக்கு மச்சானின் முகம் ஞாபகம் வரவில்லை, என் முகம்தான் பெரிதாகப் போயிற்று. மூன்று போத்தல் என்ன பெரிய சாட்சி, தண்டயலே வடக்கு என்கிறாரே என்றும் மனம் ஒரு சமாதானம் சொன்னது.

"ஓம் காக்கா. கேட்ட."

அவர் கொப்பியை மூடினார். நெற்றி வியர்த்திருந்தது. "அப்ப வடக்க எண்டு அடிங்க," என்றார். எனக்குத் தெரிந்து அவர் தெரியாமல் சொன்னது அது ஒன்றுதான். அதைக்கூட அவர் தெரியாமல் சொல்லவில்லை, என்னை நம்பிச் சொன்னார்.

என் கையால்தான் அந்தத் தந்தியையும் அடித்தேன். படகு வந்தது. இரண்டு நாள் வடக்கே தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. எண்ணெய் முடிந்ததும் திரும்பிப் போனது.

பதினோராம் நாள் பொத்துவில் தபால் கந்தோரிலிருந்து செய்தி வந்தது. அதை இறக்கி எழுதியதும் நான்தான், வேறு யார்? பொத்துவிலுக்கும் தெற்கே, ஆள் நடமாட்டம் இல்லாத மணல் கரையில், பாய்மரம் முறிந்த ஒரு தோணி. உள்ளே ஒரு மையத்து. குறுக்குப் பலகையோடு தன்னைக் கயிற்றால் கட்டியிருக்கிறான். மற்ற மூன்று பேரைக் காணவில்லை. உடுத்தியிருந்தது பச்சைக் கட்டம் போட்ட மருதமுனைச் சாரம். பெருநாளைக்கு நான் எடுத்துக் கொடுத்த சாரம் அது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் இறந்து இரண்டு நாளுக்கு மேல் இராது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, மரண அறிக்கைக்காகச் சொன்னாரோ தெரியவில்லை. ஒன்பது நாள் உயிரோடு இருந்திருக்கிறான். படகு வடக்கே சுற்றிய இரண்டு நாளும் அவன் தெற்கே உயிரோடு இருந்தான். இதை நான் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. அங்கேயே ஜனாஸா தொழுது அடக்கினோம்.

நாற்பது ஓதி முடிந்த கையோடு மாமி, அந்தப் போத்தல்கள் வளவில் இருக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். குழந்தை தவழத் தொடங்கிவிட்டாள், போய் நிற்பது அந்தத் தென்னையடியில். மகனைக் கொண்டுபோனதே அந்த ஜின்தான், அவன்தானே அதைத் தொட்டுத் தூக்கியவன் என்பது மாமியின் முடிவு. லெப்பை இனித் தொட மாட்டேன் என்றுவிட்டார். "கடல அளக்கிறவரிட்டக் குடுத்திருவம். அவரு கொண்டுபோய் ஆழத்தில போடட்டும்," என்றார் மாமி. தோண்டியது நான். சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாமியோடு பஸ்ஸில் வந்தேன். 

காக்காவின் மேசையில் நான் வைத்ததும் அவர் சாக்கை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்ப எடுத்த தங்கச்சி?"

"போன கச்சானில. மகள் ஏழு மாசம். மகன்தான் எடுத்துக்கு வந்த. இவரும் நிண்டவரு, புதைக்கக்குள்ள," என்று மாமி என்னைக் கை காட்டினார்.

அவர் முதல் போத்தலைப் பக்கத்தில் இழுத்தார். கீலைச் சுரண்டித் தக்கையை எடுத்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். சிவப்புக் கார்ட் மேசையில் விழுந்தது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று கார்ட்டையும் எடுத்து, இலக்கம் பார்த்து, கப்பல் தந்த பட்டியலில் விரல் வைத்துத் தேடினார். மூன்றும் கோட்டின் கடைசி இடங்களில், ஆழத்தில் போட்டவை. வடக்கே கிடைத்த பதினொன்றும் கரையோரத்தில் போட்டவை. அதையும் ஒருமுறை சரி பார்த்தார். பிறகு மெதுவாக மாமிக்கு விளங்கப்படுத்தினார். இதற்குள் ஜின் இல்லை, இது கடல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க நாங்களே போட்டது, இன்ன இடத்தில் போட்டது, உங்கள் கரைக்கு வந்திருக்கிறது. மாமி கார்ட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்தும் அவருக்கு வாசிக்க முடியாது.

அவர் எழுந்து வரைபடத்தில் அக்கரைப்பற்றில் மூன்று குண்டூசி குத்தினார். கொஞ்சம் நின்றுவிட்டு, பொத்துவிலுக்குத் தெற்கே இன்னொன்று குத்தினார். திரும்பி வந்து கொப்பியில் புதிய வரியொன்றில் 'தோணி' என்று எழுதினார். போட்ட இடம், கண்ட இடம் எல்லாம் எழுதிவிட்டு, "எத்தின நாள் தம்பி?" என்று கேட்டார்.

"பதினொண்டு."

எழுதினார். பிறகு பழைய பக்கத்தைத் திருப்பி, 'இல்லை' என்ற சொல்லின் மேல் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்தார். கொப்பியை என் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினார்.

"பிழையத் திருத்தினா, சொன்னவர் ஒப்பம் வைக்கணும்."

வைத்தேன். என்ன திகதி போட என்று கேட்டேன். "இண்டையத் திகதி போடுங்க," என்றார். ஏசியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். இரண்டும் இல்லை.

மாமி சுவருக்குக் கிட்டப் போய் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்துத் தெரியாவிட்டாலும் குண்டூசி தெரியும்தானே. கல்முனைக்கு நேரே ஆழ்கடல், பிறகு அக்கரைப்பற்று, பிறகு பொத்துவில். சின்னப் பிள்ளையும் விரலை வைத்து இழுக்கக்கூடிய ஒரு கோடு. மாமி திரும்பிக் காக்காவைக் கேட்டார்.

"இதுகள நாங்க அப்பவே கொண்டந்து தந்திருந்தா, எண்ட புள்ளையக் கண்டு புடிச்சிருப்பீங்களா?"

 அவர் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக மாமியைப் பார்த்தார்.

"தெரியா தங்கச்சி," என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது பொய்யாக இருந்தது அந்த ஒரு தடவைதான். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அல்லாட நாட்டம்," என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினார். நான் பேனாவை மூடி அவரிடம் கொடுத்தேன்.